ஜன்னல் வெளிச்சம், மூணு பொண்ணுங்க, ஒரு மரப்பொட்டி

வீட்டிலேயே ஃபேஷன் போட்டோ எடுக்க என்னென்ன வேணும்னு யாரையாவது கேட்டுப் பாருங்க. சாஃப்ட்பாக்ஸ் ரெண்டு, ஸ்டாண்டு ரெண்டு, ரிங் லைட் ஒண்ணு, சாம்பல் கலர் பேக்டிராப், நல்ல 85 எம்எம் லென்ஸ் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். பட்டியல் முடியும்போது பர்ஸ் காலி, படம் மட்டும் ஒண்ணுகூட எடுத்திருக்க மாட்டோம். நம்ம பொட்டி தட்டும் சனத்துக்கு இந்த வியாதி கொஞ்சம் ஜாஸ்தி. சம்பளம் வந்த அன்னிக்கு சாயந்திரம் லென்ஸ் விலை பார்க்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தன்தான்.

அதனால்தான் இந்த அம்மணியைப் பற்றி எழுதணும்னு ரொம்ப நாளாக ஆசை. வீடுகளில் மின்சார விளக்கு என்ற ஒன்றே இல்லாத காலம். லண்டன் வீட்டின் முதல் மாடியில், தன் சொந்த மகள்களுக்கு விதவிதமாக உடை போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தவர். ஏழே வருஷம். 800-க்கும் மேற்பட்ட படங்கள். பெயர் கிளமென்டினா ஹவார்டன். போட்டோகிராஃபி வரலாற்றைக் கொஞ்சம் ஆழமாகப் படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். மற்றவர்கள் வாங்க, கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம்.

யார் இந்த அம்மணி?

1822 ஜூன் 1-ஆம் தேதி, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கம் கம்பர்நால்ட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பிரிட்டிஷ் கடற்படையில் அட்மிரல். அம்மா ஸ்பெயின் நாட்டு காடிஸ்காரர், அப்பாவைவிட 26 வயது இளையவர். 1845-ல் கார்ன்வாலிஸ் மாட் என்பவரோடு கல்யாணம். 1856-ல் மாமனார் வழியாகப் பட்டமும் சொத்தும் வீட்டுக்காரர் கைக்கு வந்து, அவர் நான்காவது வைகவுண்ட் ஹவார்டன் ஆனார். நம்ம ஊர் கணக்கில் ஜமீன்தார் ரேஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில் டன்ட்ரம் என்ற இடத்தில் பெரிய எஸ்டேட்.

மொத்தம் பத்துப் பிள்ளைகள் பெற்றார். எட்டுப் பேர் பெரியவர்களாகும்வரை பிழைத்தார்கள். இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் மனசில் வையுங்கள், பின்னாடி தேவைப்படும்.

1857 கடைசியிலோ 1858 தொடக்கத்திலோ கேமராவைக் கையில் எடுத்தார். அப்போது வயசு 35. முதலில் எஸ்டேட்டைச் சுற்றி இருந்த மரம், ஓடை, வீட்டு ஆட்கள் என்று எடுத்திருக்கிறார். பல படங்கள் இரட்டை லென்ஸ் வைத்த ஸ்டீரியோ கேமராவில் எடுத்தவை. ஒரே காட்சியைக் கொஞ்சம் விலகிய ரெண்டு கோணத்தில் எடுத்து, ஒரு சின்னக் கருவிக்குள் வைத்துப் பார்த்தால் ஆழத்தோடு தெரியும். அந்தக் காலத்து 3டி.

1859-ல் குடும்பம் லண்டனுக்கு வந்தது. தெற்கு கென்சிங்டன் பகுதியில் 5, பிரின்சஸ் கார்டன்ஸ் என்ற வீடு. அங்கேதான் நம்ம கதை சூடு பிடிக்கிறது.

ஈரக் கண்ணாடி

படங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அன்னிக்கு ஒரு போட்டோ எடுப்பது என்றால் என்ன வேலை என்று பார்த்துவிடலாம். இது தெரியாமல் படங்களைப் பார்த்தால் பாதிதான் புரியும்.

1851-ல் ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற லண்டன் சிற்பி ஒரு முறையை வெளியிட்டார். வெடிப்பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் கொலோடியன் என்ற பசை கிடைக்கும். காயத்துக்கு மேலே பூசுவதற்குக்கூட அதைப் பயன்படுத்துவார்கள். அதில் அயோடைடு உப்பைக் கலந்து, சுத்தமான கண்ணாடித் தகட்டில் ஊற்றி, தகட்டை நாலு பக்கமும் சாய்த்து சமமாகப் பரப்பணும். கையில் தோசைக்கல்லைப் பிடித்துக்கொண்டு மாவைப் பரப்புவது மாதிரி. பிறகு இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கினால் தகடு ஒளியுணரும். ஈரத்தோடு கேமராவில் மாட்டி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, மறுபடி இருட்டறைக்கு ஓடி டெவலப் செய்யணும். மொத்தத்துக்கும் பத்துப் பதினைந்து நிமிஷம். காய்ந்தால் போச்சு. ப்ராஜெக்ட் மேனேஜர் கொடுக்கும் டெட்லைன் எல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.

ஆர்ச்சர் இதுக்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டுவிட்டார். அதற்கு முன் இருந்த காலோடைப் முறைக்கு 1841-லேயே காப்புரிமை வாங்கி வைத்திருந்த டால்பட், ஈரக் கண்ணாடி முறையும் தன் உரிமைக்குள்தான் வருகிறது என்று வழக்குப் போட்டார். 1854-ல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. கதவு திறந்தது, அமெச்சூர்கள் கூட்டம் உள்ளே நுழைந்தது. ஆர்ச்சர் மட்டும் 1857-ல் வறுமையில் செத்துப்போனார். ஓப்பன் சோர்ஸ் ஆட்களுக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும்.

நெகட்டிவ் கிடைத்தாயிற்று. பிரிண்ட்? 1850-ல் பிரான்ஸ்காரர் பிளாங்கார்-எவ்ரார் அறிமுகப்படுத்திய ஆல்புமன் காகிதம். முட்டை வெள்ளைக்கருவில் உப்பைக் கலந்து காகிதத்தில் பூசி, காய்ந்ததும் வெள்ளி நைட்ரேட் ஏற்றி, கண்ணாடி நெகட்டிவை அதன்மேல் நேரடியாக வைத்து வெயிலில் காட்டணும். பெரிதாக்குவதெல்லாம் அன்னிக்கு லேசில் நடக்கிற காரியம் இல்லை. நெகட்டிவ் எந்த அளவோ பிரிண்டும் அதே அளவு. பெரிய படம் வேணுமா, பெரிய கண்ணாடி, பெரிய கேமரா.

இன்னொரு முக்கியமான சமாச்சாரம். இந்த ரசாயனத்துக்கு நீலமும் புற ஊதாவும்தான் நன்றாகத் தெரியும். சிவப்பு கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. அதனால் சிவப்பு உடை கறுப்பாக வரும், மஞ்சள் கருத்துப் போகும், நீல உடை வெளுத்துப் போகும். உடையைப் படம் எடுக்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி! கண்ணால் பார்ப்பது ஒண்ணு, தகட்டில் விழுவது வேற. எந்தத் துணி எப்படி விழும் என்பது மனப்பாடமாக இருந்தால்தான் வேலை நடக்கும். 1856-ல் பெர்கின் கண்டுபிடித்த செயற்கை ஊதாச் சாயம் லண்டன் கடைத்தெருவையே கலக்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஆனால் போட்டோவில் அந்த நிறத்துக்கு வேலையே இல்லை. எஞ்சியது துணியின் பளபளப்பு, மடிப்பு, எடை. ஹவார்டன் படங்களில் அதுதான் பேசுகிறது. பட்டு எது, மஸ்லின் எது, சரிகை எது என்று தொடாமலே சொல்லிவிடலாம்.

முதல் மாடி

அன்னைக்குத் தொழில்முறை ஸ்டூடியோ என்றால் கட்டடத்தின் உச்சியில் கண்ணாடிக் கூரை போட்ட அறை. நடுவில் வண்ணம் தீட்டிய திரை, அட்டைத் தூண், ஒரு நாற்காலி. ஆள் அசையாமல் இருக்கத் தலைக்குப் பின்னால் இரும்புக் கவ்வி. 1860-களில் கார்ட் டி விசிட் என்ற விசிட்டிங் கார்டு சைஸ் படங்களின் மோகம் தலைவிரித்து ஆடியது. வரிசையில் நின்று, தூணில் கை வைத்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே மாதிரி.

ஹவார்டன் செய்தது நேர் எதிர். முதல் மாடி அறைகளில் இருந்த சாமான்களைக் கிட்டத்தட்டக் காலி செய்துவிட்டார். படங்களில் தெரிவது நட்சத்திரம் போட்ட சுவர்க்காகிதம், நிமிர்ந்து நிற்கும் ஒரு பெரிய நிலைக்கண்ணாடி, ஒரு மேஜை, சில நாற்காலிகள், ஒரு திரைச்சீலை, மொட்டையான தரை. அப்புறம் தரைவரைக்கும் வரும் உயரமான ஜன்னல்கள், அதற்கு வெளியே ஒரு பால்கனி. அவ்வளவுதான் செட் பிராப்பர்ட்டி. வருஷக்கணக்கில் இதையே திருப்பித் திருப்பி வைத்து எடுத்திருக்கிறார்.

பொறியியல் புத்தியோடு பார்த்தால் இந்த அறை எவ்வளவு யோசித்து அமைத்தது என்று தெரியும். ஜன்னல் என்பது பக்கவாட்டில் இருந்து வரும் பெரிய ஒளி மூலம். இன்னிக்கு நாம் காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்பாக்ஸ் செய்கிற வேலையும் அதேதான். ஜன்னலில் மெல்லிய திரை போட்டால் வெளிச்சம் இன்னும் மென்மையாகும். எதிர்ப்பக்கம் நிலைக்கண்ணாடி வைத்தால் நிழல் பக்கத்துக்குக் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அதுவே படத்துக்குள் இன்னொரு கோணத்தையும் காட்டிவிடும். உடையின் முன்பக்கம் நேரில், பின்பக்கம் கண்ணாடியில். ஒரே ஷாட்டில் ரெண்டு வியூ. துணிக்கடை கேட்லாக் போடுகிறவர்கள் இன்னிக்கும் ரெண்டு படமாகப் போடும் சங்கதி.

தலைக் கவ்விக்கு என்ன பண்ணினார்? படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். அந்தப் பொண்ணுங்க அடிக்கடி எதன்மேலாவது சாய்ந்திருப்பார்கள். கண்ணாடிச் சட்டம், ஜன்னல் விளிம்பு, சுவர், அக்கா தோள், தங்கச்சி மடி. என்னோட கணிப்பு, இது அழகுக்கு மட்டும் இல்லை. பல நொடிகள் லென்ஸைத் திறந்து வைக்கணும், அதுவரை ஆடக்கூடாது. சாய்ந்து நின்றால் ஆட்டம் குறையும். கவ்வி போட்டால் முகம் விறைத்துப்போகும், சாய்ந்தால் உடம்பு தளரும். ஒரு டெக்னிக்கல் தடையையே போஸாக மாற்றிவிட்டார். அந்தக் கனவு காணும் முகங்களுக்குப் பின்னால் பாதி கலை, பாதி எக்ஸ்போஷர் டைம்.

மகள்களில் அடிக்கடி வருவது மூணு பேர். இசபெல்லா கிரேஸ், கிளமென்டினா, ஃப்ளாரன்ஸ் எலிசபெத். அம்மா பெயரே மகளுக்கும் என்பதால் படிக்கும்போது கொஞ்சம் குழம்பும், கவனம். 1860-களின் தொடக்கத்தில் மூவரும் பதின்பருவத்தில் இருந்தார்கள். சில படங்களில் அப்போதைய லண்டன் ஃபேஷன். 1856-ல் காப்புரிமை பெற்ற இரும்பு வளையக் கூண்டு மேல் விரிந்த கிரினோலின் பாவாடை, பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். சிலவற்றில் குதிரையேற்ற உடை. சிலவற்றில் பழங்கால வேஷம். ஒருத்தி ஆண் வேஷம் கட்டி வீரன் மாதிரி நிற்க, இன்னொருத்தி சீமாட்டியாக அவளைப் பார்ப்பாள். இன்னும் சிலவற்றில் உடையின் பின்கட்டு அவிழ்ந்து, முடி கலைந்து, இப்போதுதான் விருந்து முடிந்து வந்தவள் மாதிரி இருப்பாள். பால்கனியில் எடுத்தவற்றில் பின்னால் எதிர்வரிசை வீடுகள் மங்கலாகத் தெரியும். ஊர் வெளியே இருக்கிறது, இவர்கள் உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இது ஃபேஷன் போட்டோவா?

இங்கே ஒரு கேள்வி வரும். "ஏம்ப்பா, துணி விக்கறதுக்காக எடுத்தாதானே ஃபேஷன் போட்டோ?" நியாயமான கேள்வி. அந்தக் கறாரான அர்த்தத்தில் இது ஃபேஷன் போட்டோ இல்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒன்று இருக்கவும் முடியாது. பெண்கள் பத்திரிகைகளில் ஃபேஷன் பக்கம் உண்டு. ஆனால் அதில் வருவது செதுக்கி அச்சடித்து வண்ணம் போட்ட ஓவியங்கள். போட்டோவை எழுத்தோடு சேர்த்து அச்சடிக்க ஹாஃப்டோன் முறை வேணும், அது பத்திரிகைகளில் பரவ 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆகிவிட்டது. 1911-ல் எட்வர்ட் ஸ்டைகன், பால் புவாரே வடிவமைத்த கவுன்களைப் பாரிஸில் ஒரு பத்திரிகைக்காக எடுத்த படங்களைத்தான் நவீன ஃபேஷன் போட்டோகிராஃபியின் தொடக்கம் என்று பலர் சொல்வார்கள்.

ஆனால் விற்பனையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பாருங்கள். உடையை மையமாக வைத்து, வெளிச்சத்தை உடைக்காக அமைத்து, உடை அணிந்தவரை ஒரு பாத்திரமாக மாற்றி, "இவள் யார், என்ன யோசிக்கிறாள்?" என்று பார்க்கிறவரைக் கேட்க வைப்பது. ஃபேஷன் படத்தின் இலக்கணம் அதுதானே? ஸ்டைகனுக்கு 50 வருஷம் முன்னால் ஒரு அம்மா வீட்டு மாடியில் அதைச் செய்து முடித்துவிட்டார்.

ஊர் கண்டுகொள்ளாமலும் இல்லை. லண்டன் போட்டோகிராஃபிக் சொசைட்டியின் 1863 கண்காட்சியில் வைத்தார், அமெச்சூர் பிரிவில் வெள்ளிப் பதக்கம். 1864-ல் மறுபடி வெள்ளிப் பதக்கம். சொசைட்டியில் உறுப்பினரும் ஆனார். 1864 ஜூனில் பெண்கள் கலைப்பள்ளிக்கு நிதி திரட்ட நடந்த ஒரு விழாவில் படம் எடுத்துக் கொடுத்தார், தன் படங்களையும் விற்றார். அங்கே வாங்கியவர்களில் ஒருவர் லூயிஸ் கரோல். ஆமாம், ஆலிஸ் கதை எழுதிய அதே ஆள், அவரும் அமெச்சூர் போட்டோகிராஃபர்தான். கண்ணாடிக்குள் நுழையும் ஆலிஸை அவர் 1871-ல் எழுதினார். அதுக்கும் இந்த நிலைக்கண்ணாடிக்கும் முடிச்சுப் போட ஆதாரம் கிடையாது, ஆனா போட்டுப் பார்க்க ஆசையாத்தான் இருக்கு.

ஜமீன் வீட்டு "எளிமை"

சரி, பின்னூட்டத்தில் யாராவது கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுவிடுகிறேன். வைகவுண்ட் பொண்டாட்டிக்கு எளிய கருவி என்ன எளிய கருவி? தண்ணி தூக்க ஆள், உடை மாட்ட ஆள், லண்டனில் மாடி வீடு. ரசாயனமும் கண்ணாடியும் சும்மா வராது.

உண்மைதான். அதைவிடக் கசப்பான உண்மையும் உண்டு. 1845-ல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னும் பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். டிப்பரரி அதில் நன்றாக அடிபட்ட மாவட்டம். பஞ்சம் ஓய்ந்து சில வருஷத்தில்தான் அந்த மண்ணில் நின்று இவர் முதல் படங்களை எடுக்கிறார். அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை எஸ்டேட் குத்தகைப் பணத்தில் நடந்தது. அந்தப் பட்டுப் பாவாடையின் மடிப்புகளுக்குள் டிப்பரரி குடியானவனின் உழைப்பும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் "ஆஹா என்ன வெளிச்சம்" என்று எழுதினால் அது பாதி வரலாறுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பணம் கருவியைத் தரும், நேரத்தைத் தராது. கேமரா எடுத்த பிறகும் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தவர் இவர். அந்த வகுப்புப் பெண் போட்டோகிராஃபியைத் தொழிலாகச் செய்ய முடியாது, கௌரவக் குறைச்சல். வேலைக்காரர்கள் இருந்தாலும் கொலோடியன் ஊற்றுவதும் டெவலப் செய்வதும் கைப்பழக்கம் கேட்கிற வேலை. வெள்ளி நைட்ரேட் பட்ட விரல் கறுப்பாகும், சுலபத்தில் போகாது. கறையைப் போக்கப் பலர் பொட்டாசியம் சயனைடைத் தேய்த்தார்கள் என்பதைக் கேட்டால் இப்போது நமக்குத்தான் வயிற்றைக் கலக்கும். இந்த ரசாயனங்களே அவர் உடம்பைப் பலவீனமாக்கி இருக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு.

1865 ஜனவரி 19. நிமோனியா. வயசு 42. அப்போது புகழ்பெற்ற போட்டோகிராஃபராக இருந்த ஆஸ்கார் ரெய்லாண்டர் இரங்கல் குறிப்பு எழுதினார். அதோடு ஊர் மறந்துபோனது.

கோழிக்கூட்டு ஸ்டூடியோ

அதே சமயத்தில் இங்கிலாந்தின் வைட் தீவில் இன்னொரு அம்மா. ஜூலியா மார்கரெட் கேமரன், பிறந்தது கல்கத்தாவில். 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவோடு ஆரம்பித்தார். நிலக்கரிக் கொட்டடியை இருட்டறை ஆக்கினார், கண்ணாடி போட்ட கோழிக்கூட்டை ஸ்டூடியோ ஆக்கினார். முதல் வெற்றி என்று அவரே குறித்த படம் 1864 ஜனவரியில். ஹவார்டன் செத்ததற்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால்.

கேமரன் ஏன் இன்னிக்கும் பிரபலம், ஹவார்டன் ஏன் இல்லை? ஒரு காரணம் ஆயுசு. இன்னொரு காரணம் ஆட்கள். கேமரன் எடுத்தது டென்னிசன், டார்வின் மாதிரி பெரிய தலைகளை. படத்தில் இருப்பவர் புகழே படத்தைக் காப்பாற்றும். ஹவார்டன் எடுத்தது வீட்டுப் பொண்ணுங்களை. கண்காட்சியிலும் அவர்கள் பெயரைப் போடவில்லை, உயிருள்ள ஆட்களை வைத்துச் செய்த பயிற்சி என்ற தோரணையில் பொதுத் தலைப்புதான்.

இந்தப் பெயர் சமாச்சாரம் நம்ம பக்கமும் வருகிறது. கேமரன் 1875-ல் கணவரோடு இலங்கைக்குப் போனார், 1879-ல் அங்கேயே மலையகத்தில் செத்தார், கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. இலங்கையில் அவர் எடுத்ததில் மிஞ்சிய படங்கள் சொற்பம். அதில் தோட்டத்தில் உழைத்தவர்களும் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். டென்னிசனுக்குப் பெயர் உண்டு, இவர்களில் அநேகம் பேருக்குப் பெயர் இல்லை. ஹவார்டன் வீட்டுப் பொண்ணுங்களுக்காவது பிற்பாடு ஆய்வாளர்கள் பெயரை மீட்டுக் கொடுத்தார்கள். குடும்ப மரம் எழுதி வைத்த வீடு என்பதால் அது முடிந்தது. தோட்டத்து லயத்தில் யார் எழுதி வைத்தார்கள்?

கிழிந்த மூலைகள்

ஹவார்டன் படங்கள் எழுபது வருஷத்துக்கு மேல் குடும்ப ஆல்பத்தில் தூங்கின. 1939-ல் போட்டோகிராஃபியின் நூற்றாண்டுக்காக லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் ஒரு கண்காட்சி வைத்தது. பேத்தி லேடி கிளமென்டினா டாட்டன்ஹாம் அதைப் பார்த்தார். எல்லார் படமும் இருக்கு, பாட்டி படம் மட்டும் இல்லை. சும்மா இருக்கவில்லை அந்த மனுஷி. வீட்டில் இருந்ததை எல்லாம் மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார். 775 படங்கள்.

அந்தப் படங்களை இன்னிக்கு மியூசியத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பார்த்தால் பலவற்றில் மூலை கிழிந்திருக்கும். ஆல்பத்தில் ஒட்டியிருந்ததைப் பிய்த்து எடுத்ததால் வந்த காயம். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் இருந்தது, அம்மா எந்த வரிசையில் ஒட்டினார், கீழே ஏதாவது கிறுக்கி வைத்திருந்தாரா, எல்லாம் அந்த ஆல்பத் தாளோடு போய்விட்டது. டேட்டா வந்து சேர்ந்தது, மெட்டாடேட்டா காலி.

பிறகு வர்ஜீனியா டோடியர் என்ற ஆய்வாளர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து, சுவர்க்காகிதம் எப்போது மாறியது, எந்தப் பொண்ணு எவ்வளவு வளர்ந்திருக்கிறாள், எந்த உடை எந்த வருஷத்து ஃபேஷன் என்று துப்பறிந்து படங்களை வரிசைப்படுத்தினார். 1999-ல் அவர் புத்தகம் வந்தது. 2018-ல் லண்டன் தேசிய உருவப்பட கேலரி, கேமரன், கரோல், ரெய்லாண்டர் மூவரோடும் சரிசமமாக ஹவார்டனை வைத்துக் கண்காட்சி நடத்தியது. 5, பிரின்சஸ் கார்டன்ஸ் முகவரியில் இருந்து அந்த மியூசியம் நடந்துபோகிற தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க படங்களுக்கு முக்கால் நூற்றாண்டு ஆனது.

அறுபது வருஷம் கழித்து

அதே லண்டன், 1920-கள். செசில் பீட்டன் என்று ஒரு பையன், மரவியாபாரி மகன். கையில் கோடாக் 3ஏ மடக்கு கேமரா, அமெச்சூர்கள் வைத்திருக்கும் சாதாரண சாமான். மாடல் யாரு? தங்கச்சிங்க நான்சியும் பாபாவும். போட்டோ எடுக்கவும் பிலிம் கழுவவும் கத்துக்கொடுத்தது வீட்டு ஆயா. பின்னணிக்கு வீட்டில் கிடந்த துணி, பளபளக்கும் காகிதம், கண்ணாடி. படங்களைப் பத்திரிகைக்கு அனுப்பும்போது புனைபெயரில் "இந்த பீட்டன் பிரமாதமா எடுக்கிறாரு" என்று தானே சிபாரிசும் எழுதி அனுப்புவாராம். தன் பதிவுக்குத் தானே அனானி பின்னூட்டம் போடும் கலையில் நமக்கெல்லாம் முன்னோடி! 1920-களின் கடைசியில் வோக் பத்திரிகை அவரை எடுத்துக்கொண்டது. அங்கே முதலாளி காண்டே நாஸ்ட் சொன்னது, இந்தச் சின்னக் கோடாக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு 10-க்கு 8 அங்குலப் பெரிய கேமராவில் எடு என்று. தலைவிதி, எல்லா ஊர் மேனேஜரும் ஒண்ணுதான்.

பீட்டன் ஹவார்டனைப் பார்த்துக் கத்துக்கொண்டார் என்று நான் சொல்லவில்லை. அப்போது அந்தப் படங்கள் ஆல்பத்துக்குள் இருந்தன. ரெண்டு பேரும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சொன்னால் கேட்டு நிற்கும் வீட்டு ஆட்கள், பழகிய ஒரு அறை, பக்கவாட்டு வெளிச்சம், கையில் கிடைத்த துணி. இதில் காசு கொடுத்து வாங்க முடியாதது முதலாவதுதான். பல நொடிகள் அசையாமல், அலுக்காமல், வருஷக்கணக்கில் நின்ற அந்தப் பொண்ணுங்க. இசபெல்லாவுக்கும் கிளமென்டினாவுக்கும் ஃப்ளாரன்ஸுக்கும் ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை. பாதி வேலை அவர்களுடையது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே மக்களே, லென்ஸ் வாங்குவதைத் தள்ளிப் போட்டாலும் பரவாயில்லை. அக்காவோ தங்கச்சியோ தங்கமணியோ, உங்கள் கேமராவுக்கு முன்னால் பொறுமையாக நிற்கிறவர்கள் பெயரையும் தேதியையும் படத்தோடு எழுதி வையுங்கள். ஃபைல் பெயரில் எழுதுங்கள், பிரிண்ட் போட்டால் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். எல்லா வீட்டிலும் மியூசியத்துக்கு நடந்துபோகிற பேத்தி இருப்பாள் என்று சொல்ல முடியாது.

டிஸ்கி: அடுத்த பதிவில் ஆல்புமன் காகிதத்துக்காக அன்னிக்கு எத்தனை முட்டை உடைத்தார்கள் என்ற கதையை எழுதலாம்னு இருக்கேன். சைவப் பதிவர்கள் மன்னிக்கவும்.